விழுந்தே ஜெயித்த ஜந்துக்கள்

பெட்டிகளை ஒட்டவைத்தது போன்ற ஒரு ஜந்து தண்ணீரில் நெளிந்து நீந்தும் பழைய வீடியோவை உங்களில் சிலர் பார்த்திருக்கலாம். 1994-ல் கார்ல் சிம்ஸ் என்ற அமெரிக்கர் செய்தது. மஸ்கட்டில் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் அதைப் பார்த்துவிட்டுத் தேடித் தேடிப் படித்தேன். (பி.காம். படித்தவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்காதீர்கள். எங்கள் தொழிலும் உள்ளே வருகிறது.)

1953-லேயே பிரின்ஸ்டனில் பாரிசெல்லி என்பவர் வெறும் எண்களை உயிர்களாக வைத்து, அவை பெருகுவதையும் மாறுவதையும் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தார். அவற்றுக்கு உடம்பு கிடையாது. சிம்ஸின் ஜந்துக்களுக்கு உடம்பும் உண்டு, அதை ஆட்டிவைக்கும் நியூரல் நெட்வொர்க்கும் உண்டு. மூட்டு எவ்வளவு வளைந்தது, எது தொட்டது, வெளிச்சம் எந்தப் பக்கம் என்ற தகவல் உள்ளே போகும். மூட்டை அசைக்கும் விசை வெளியே வரும். இரண்டையும் அவர் வரைந்து கொடுக்கவில்லை. தலைமுறைக்கு 300 ஜந்துக்கள். நன்றாக நீந்திய ஐந்தில் ஒரு பங்குதான் தப்பும். தப்பியவற்றின் மரபைக் கலந்து, அங்கங்கே மாற்றி, அடுத்த தலைமுறை. 32 பிராசஸர் கொண்ட கனெக்‌ஷன் மெஷினில் 100 தலைமுறைக்குச் சுமார் மூன்று மணி நேரம்!

நடக்க வைப்பதில்தான் வேடிக்கை. வேகத்தை மட்டும் அளந்தால், நெட்டையாக வளர்ந்து தொப்பென்று விழுவதே போதும். விழும்போது வேகம் வந்துவிடுகிறதே. அதனால் சிம்ஸ் முதலில் எல்லாவற்றையும் விழவிட்டு, அடங்கிய பிறகுதான் அளக்க ஆரம்பித்தார்.

எனக்கு மார்ச் மாதம் ஞாபகம் வந்தது. இத்தனை புதுக் கணக்கு என்று டார்கெட் வந்தால் கணக்குகள் முளைக்கும், ஏப்ரலில் தூங்கிவிடும். கேட்டது எண்ணிக்கை, கிடைத்ததும் எண்ணிக்கை. எங்களை விழவிட்டுப் பிறகு அளக்க ஒரு சிம்ஸ் இல்லை.

டார்கெட்டே இல்லாமல் வளர்ந்த ஜந்து ஒன்று எங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. நான் கொழிஞ்சாம்பாறைக்காரன், அக்காவைக் கட்டிக்கொடுத்தது இடுக்கியில். அந்த இடுக்கி மண்ணிலிருந்துதான் 2003-ல் எஸ்.டி. பிஜுவும் பெல்ஜியத்தின் பிராங்கி போசூட்டும் ஊதாத் தவளையை உலகுக்குக் காட்டினார்கள். உப்பிய உடம்பு, கூர் மூக்கு. மண்ணுக்கடியில் கரையான் தின்று கிடந்து, மழை தொடங்கும்போது சில நாட்கள் மட்டும் முட்டையிட மேலே வரும். நெருங்கிய சொந்தம் சேஷெல்ஸ் தீவுகளில். இரண்டு வம்சமும் பிரிந்து 13 கோடி வருஷம் இருக்கும் என்று கணக்கிட்டார்கள். சிம்ஸின் ஓட்டப்பந்தயத்தில் விட்டிருந்தால் முதல் சுற்றிலேயே போயிருக்கும்.

அக்காவிடம் போனில் கேட்டேன். மழைக்காலத்தில் மண்ணுக்குள்ளிருந்து கொக்கொக்கென்று ஏதோ கத்தும், தவளை என்று யாருக்குத் தெரியும் என்றாள்.