பாலத்து ஓட்டமும் ஜெரஜாக் தீவும்

ஆண்டிறுதியில் நடைபெறும் பினாங்குப் பால அனைத்துலக மாரத்தான் ஓட்டத்திற்குச் சுங்கைப் பட்டாணி, பீடோங், கூலிம் வட்டாரங்களிலிருந்தும் நம் பிள்ளைகள் செல்கின்றனர். சில ஆண்டுகளுக்கு முன்பு என் முன்னாள் மாணவர் ஒருவர் பத்துக் கிலோமீட்டர் ஓட்டத்தில் கலந்துகொண்டார். அவரை ஊக்கப்படுத்த நானும் அவருடைய தந்தையாரும் உடன் சென்றிருந்தோம்.

பொழுது புலரும் வேளை. குவீன்ஸ்பே கடலோரத்தில் நின்றிருந்தோம். எதிரே கருத்துக் கிடந்த தீவைக் காட்டி, "ஐயா, அது என்ன தீவு?" என்று மாணவர் வினவினார். "ஜெரஜாக்" என்றேன். "பழைய சிறைச்சாலைத் தீவு" என்றார் தந்தையார். அவர் கூறியது உண்மைதான். 1969 முதல் 1993 வரை அங்குச் சிறைச்சாலை இருந்தது. ஆயினும், அதற்கு முந்திய கதையே நமக்குரியது. அதை அவர் அறிந்திருக்கவில்லை. ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் பயின்ற காலத்தில் நானும் அறிந்திருக்கவில்லை.

மாரத்தான் ஓட்டத்தின் வரலாற்றை நாம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். 1896-ஆம் ஆண்டு ஏதென்சில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்கில் அவ்வோட்டத்தை வென்ற ஸ்பிரிடோன் லூயிஸ், தண்ணீர் சுமந்து விற்ற எளிய தொழிலாளி. 1908-ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் ஓடிய 42.195 கிலோமீட்டரே பின்னர் நிலையான தூரமாயிற்று. பினாங்குப் பாலம் 1985-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அதன் நீளம் 13.5 கிலோமீட்டர். இவையெல்லாம் பொது அறிவுப் புதிர்ப்போட்டிக்கு உதவும். ஆனால், ஓடுபவரின் கண்முன்னே கிடக்கும் தீவின் வரலாற்றை யார் சொல்வது?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே ஜெரஜாக்கில் தொழுநோயாளர் குடியிருப்பும், கப்பலில் வருவோரைத் தடுத்து வைக்கும் நோய்த்தடுப்பு முகாமும் அமைக்கப்பட்டன. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய நம் முன்னோர், வாந்திபேதி, பெரியம்மை ஆகிய நோய்களைக் கொண்டு வந்துவிடுவர் என்னும் அச்சத்தால் அங்கு இறக்கப்பட்டனர். சில நாள்கள் கண்காணிக்கப்பட்ட பிறகே அவர்கள் தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர். மலாயா மண்ணில் அவர்களுள் பலர் முதன்முதலில் கால் வைத்த இடம் அத்தீவேயாகும்.

1909-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி சயாமின் மேலாண்மையிலிருந்த கெடா, பிரிட்டிஷாரின் ஆதிக்கத்திற்குள் வந்தது. இரப்பர்த் தோட்டங்கள் பெருகின. ஆள் தேவையும் பெருகியது. முதலாளிமார் செலுத்திய வரியைக் கொண்டு 1907-இல் தொடங்கப்பட்ட குடியேற்ற நிதி, கப்பற் செலவை ஏற்றது. கங்காணிமார் தத்தம் ஊர்களுக்குச் சென்று உற்றார் உறவினரைத் திரட்டி வந்தனர். உதவி பெற்று வரும் இக்குடியேற்றத்தை 1938-இல் இந்திய அரசு தடை செய்தது. அதுவரை வந்தவர்களுள் பலர் இதே நீரிணையைத்தான் கடந்தனர். அன்று பாலம் இல்லை. படகில் பிறைக்கரை சேர்ந்து, அங்கிருந்து வடக்கே கெடா நோக்கிச் சென்றனர்.

இன்று விடியற்காலையில் எழுந்து பாலத்தில் ஓடுபவரைக் கண்டு வியக்கிறோம். அன்று இருள் பிரியுமுன் பெரட்டுக்கு நின்று, நூற்றுக்கணக்கான மரங்களை வெட்டி, பால் வாளியைச் சுமந்து நடந்தவர்களுக்குப் பதக்கம் சூட்ட எவரும் இல்லை. தாய்மாரும் அவ்வாறே நடந்தனர்.

இவற்றையெல்லாம் அன்று ஓட்டம் முடிந்து திரும்பும் வழியில் காரில் சொன்னேன். கழுத்தில் பதக்கத்தோடு அமைதியாகக் கேட்டுவந்த மாணவர், "அப்பா, நம்ம தாத்தா எந்த ஊர்ல கப்பல் ஏறினாரு?" என்றார். தந்தையாருக்குத் தெரியவில்லை. வீடு சேர்ந்ததும் தம் மூத்த அத்தையிடம் தொலைபேசியில் கேட்டார். "நாகப்பட்டினம்" என்னும் ஒரு சொல் கிடைத்தது. ஊரின் பெயரை அவ்வம்மையார் மறந்திருந்தார். மறு ஆண்டு அவரும் காலமானார். அந்த ஒரு சொல்லே இன்று அக்குடும்பத்தின் வரலாறு.

ஆசிரியர்களே, பெற்றோர்களே! பிள்ளைகளை ஓட அனுப்புங்கள். அதற்கு முன், வீட்டிலுள்ள மூத்தவரிடம் மூன்று கேள்விகளைக் கேட்டு எழுதி வரச் செய்யுங்கள். எந்த ஊர்? எந்தத் துறைமுகம்? எந்தத் தோட்டம்? ஓட்டப் போட்டி அடுத்த ஆண்டும் வரும். விடை சொல்ல வேண்டியவர்கள் காத்திருக்க மாட்டார்கள்.