கோதுமை வயலில் பிறந்த மருத்துவ அட்டை

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

கனடாவில் குடியேறிய என் மாணவர்கள் பலர் இந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள். உங்கள் பர்ஸில் ஒரு மருத்துவ அட்டை இருக்கும். காய்ச்சலுக்கு டாக்டரைப் பார்த்தாலும் பிரசவத்துக்கு மருத்துவமனையில் சேர்ந்தாலும் அதைக் காட்டினால் போதும், பணம் கேட்க மாட்டார்கள். இது எப்படி வந்தது என்று கேட்டால், "கனடா பணக்கார நாடு சார்" என்பீர்கள். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. இந்த ஏற்பாடு டொரண்டோவில் பிறக்கவில்லை, ஒட்டாவாவிலும் பிறக்கவில்லை. கடனில் மூழ்கிக் கிடந்த ஒரு விவசாய மாகாணத்தில் பிறந்தது. அதன் பெயர் சஸ்காச்சுவான்.

நம் தமிழ்நாட்டைப் போல ஐந்து மடங்கு பரப்பு. 1940-களில் மக்கள்தொகை 9 லட்சம்கூட இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் கோதுமை வயல், ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையே மைல் கணக்கில் தூரம், குளிர்காலத்தில் பனி மூடிய பாதை. 1930-களில் மழை பொய்த்தது, புழுதிப் புயல் வயலை அள்ளிக்கொண்டு போனது. ஒரு டாலருக்கு மேல் விற்ற ஒரு புஷல் கோதுமை 1932-ல் 40 சென்ட்டுக்கும் கீழே விழுந்தது. விவசாயியிடம் காசு இல்லை என்றால் டாக்டருக்கும் வருமானம் இல்லை. அவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு நகரத்துக்குப் போய்விடுவார். பிறகு அந்த ஊருக்கு யார் கதி?

முதலில் வழி கண்டுபிடித்தவர்கள் அந்த ஊர்க்காரர்கள்தான். முதல் உலகப்போர்க் காலத்திலேயே, டாக்டர் ஊரை விட்டுப் போய்விடாமல் இருக்கக் கிராம நகராட்சியே வரிப்பணத்தில் அவருக்குச் சம்பளம் கொடுக்கும் வழக்கம் அங்கே தொடங்கிவிட்டது. 'நகராட்சி டாக்டர்' என்று பெயர். பல ஊர்கள் சேர்ந்து பொதுவில் மருத்துவமனை கட்டிக்கொண்டன. 1929-ல் காசநோய்க்கு மாகாணம் முழுவதும் இலவச சிகிச்சை வந்தது. 1939-ல் மெக்கிலப் என்ற ஊராட்சியின் தலைவர் மாட் ஆண்டர்சன், நார்வேயிலிருந்து வந்து குடியேறிய விவசாயி, ஆளுக்கு 5 டாலர் வரி போட்டு ஊர் முழுவதற்கும் மருத்துவத் திட்டம் நடத்தினார். நம் ஊரில் கோயில் வரி போட்டுத் திருவிழா நடத்துவதில்லையா, அதுபோல நோய்க்கும் ஒரு வரி.

இந்த மண்ணுக்குத்தான் டாமி டக்ளஸ் வந்து சேர்ந்தார். 1904-ல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். சிறுவயதில் குடும்பத்தோடு கனடாவின் வின்னிபெக் நகரத்துக்கு வந்தார். முழங்கால் எலும்பில் கிருமித் தொற்று ஏற்பட்டது. தேர்ந்த நிபுணரிடம் காட்டப் பெற்றோருக்கு வசதியில்லை. காலை எடுத்துவிட வேண்டியதுதான் என்ற நிலை. அப்போது ஆர். ஜே. ஸ்மித் என்ற எலும்பு சிகிச்சை நிபுணர், தன் மாணவர்கள் கூடநின்று பார்த்துக் கற்றுக்கொள்ளச் சம்மதித்தால் கட்டணமில்லாமல் செய்கிறேன் என்றார். கால் பிழைத்தது. அதே பையன் பிற்காலத்தில் மானிடோபா மாகாணத்தின் லைட்வெயிட் குத்துச்சண்டை சாம்பியன் ஆனார்!

சாதாரணமாக இப்படிப் பிழைத்தவர்கள் அந்த டாக்டரை வாழ்த்திவிட்டுப் போவார்கள். டக்ளஸும் நன்றி மறக்கவில்லை. ஆனால் அவர் மனத்தில் ஒரு கேள்வி தங்கிவிட்டது. அன்றைக்கு அந்த நிபுணர் அந்தப் பக்கம் வராமல் போயிருந்தால்? ஒரு பிள்ளையின் கால், அப்பாவின் பணப்பையையோ ஒரு நல்ல மனிதரின் கருணையையோ நம்பி இருக்கலாமா?

1930-ல் சஸ்காச்சுவானில் வேபர்ன் என்ற சிற்றூரின் பாப்டிஸ்ட் தேவாலயத்துக்குப் போதகராகப் போனார். உரிய நேரத்தில் மருத்துவம் கிடைக்காமல் இறந்த இளம் குடும்பத் தலைவர்களை அவரே அடக்கம் செய்ய வேண்டி வந்தது. 1935-ல் நாடாளுமன்ற உறுப்பினரானார். 1944-ல் அவர் தலைமையில் கூட்டுறவு காமன்வெல்த் கூட்டமைப்பு (சி.சி.எஃப்.) என்ற கட்சி மாகாணச் சட்டமன்றத்தின் 52 இடங்களில் 47-ஐப் பிடித்தது. முதல்வரான டக்ளஸ் சுகாதாரத் துறையைத் தானே வைத்துக்கொண்டார்.

வந்த வருடமே இரண்டு வேலைகள். ஒன்று, பண்ணைப் பாதுகாப்புச் சட்டம். விவசாயி குடியிருக்கும் வீட்டையும் அதைச் சேர்ந்த 160 ஏக்கரையும் கடனுக்காகப் பிடுங்க முடியாது என்றது அது. இன்னொன்று, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் மருத்துவ வரலாற்றுப் பேராசிரியர் ஹென்றி சிகெரிஸ்ட்டை அழைத்து மாகாணத்தின் மருத்துவ நிலைமையை ஆராயச் சொன்னார். சில வாரங்களில் அறிக்கை தயார். கிராமமும் நிலமும் மருத்துவமும் ஒரே பிரச்சினையின் பகுதிகள் என்று அவர் கருதியது இதிலேயே தெரிகிறது.

அதன்பின் நடந்ததைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்கிறேன் என்று அவர் அறிவிக்கவில்லை. 1945 தொடக்கத்தில் முதியோர் ஓய்வூதியம் வாங்குவோருக்கும் உதவித்தொகையில் பிள்ளை வளர்க்கும் தாய்மாருக்கும் இலவச மருத்துவம். 1946-ல் தொலைதூரப் பண்ணைகளிலிருந்து நோயாளிகளைத் தூக்கிவர விமான ஆம்புலன்ஸ். அதே ஆண்டு ஜூலை 1 அன்று ஸ்விஃப்ட் கரண்ட் வட்டாரத்தில் சுமார் 50,000 பேருக்கு டாக்டர், மருத்துவமனை, குழந்தைகளின் பல் சிகிச்சை எல்லாம் சேர்ந்த முழுத் திட்டம். அங்குள்ள மக்கள் வாக்களித்துத் தாங்களே கேட்டு வாங்கியது அது. இங்கிலாந்தின் புகழ்பெற்ற தேசிய சுகாதாரச் சேவைக்கு இரண்டு ஆண்டு முந்தியது! 1947 ஜனவரி 1 முதல் மாகாணம் முழுவதற்கும் மருத்துவமனைக் காப்பீடு. ஆளுக்கு வருடம் 5 டாலர், குடும்பத்துக்கு அதிகபட்சம் 30 டாலர். மாட் ஆண்டர்சன் ஊரில் போட்ட அதே 5 டாலர்தான்.

டாக்டர் கட்டணத்தையும் சேர்க்க ஏன் 1962 வரை ஆயிற்று? கையில் பணமில்லை. கடன் வாங்கிக் கனவு காண டக்ளஸ் விரும்பவில்லை. 1957-ல் மத்திய அரசு ஒரு சட்டம் போட்டு, மருத்துவமனைக் காப்பீட்டுச் செலவில் ஏறக்குறையப் பாதியை ஏற்றுக்கொண்டது. அதனால் மிச்சமான பணத்தை நம்பித்தான் அடுத்த அடி எடுத்து வைத்தார். 1960 தேர்தலை இந்தக் கேள்வியை முன்வைத்தே சந்தித்து வென்றார். 1961 நவம்பரில் சட்டம் நிறைவேறியது. அதே மாதம் தேசிய அளவில் புதிய கட்சியான என்.டி.பி.யின் தலைமைப் பொறுப்புக்காக முதல்வர் பதவியை விட்டுப் போனார்.

புயல் அடுத்து வந்தவர் தலையில் இறங்கியது. அவர் பெயர் வுட்ரோ லாயிட். பிள்ளைகளே, அவர் ஒரு பள்ளி ஆசிரியர்! 1962 ஜூலை 1 அன்று திட்டம் அமலுக்கு வந்தது. அன்றே மாகாணத்தின் பெரும்பாலான டாக்டர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அரசு தங்களைச் சம்பளக்காரர்களாக்கி, சிகிச்சையிலும் தலையிடும் என்பது அவர்கள் பயம். அதை வெறும் பேராசை என்று தள்ளிவிட முடியாது. ஆனால் விலை கொடுத்தது மக்கள். டாக்டரைத் தேடிக் காரில் அலைந்த ஒரு பெற்றோரின் கைக்குழந்தை முதல் நாளே இறந்துபோனது. ரெஜைனாவில் சட்டமன்றத்தின் முன் எதிர்ப்புக் கூட்டம் நடந்தது. லாயிட் மசியவில்லை, மிரட்டவும் இல்லை. இங்கிலாந்திலிருந்து டாக்டர்களை வரவழைத்தார். அங்கிருந்தே வந்த டெய்லர் பிரபு என்ற மருத்துவர் இருதரப்புக்கும் நடுவே போய்ப் பேசினார். 23 நாளில் சமரசம் ஆனது. திட்டம் நின்றது. டாக்டர்களும் சம்பளக்காரர்கள் ஆகவில்லை, பார்த்த நோயாளிக்கு ஏற்பக் கட்டணத்தை அரசுத் திட்டத்திலிருந்து பெற்றார்கள்.

1964 தேர்தலில் லாயிட் அரசு தோற்றது. டக்ளஸும் 1962 நாடாளுமன்றத் தேர்தலில் ரெஜைனாவில் தோற்றுப் போயிருந்தார். ஆனால் ஜெயித்து வந்த எதிர்க்கட்சி அந்தத் திட்டத்தை ரத்து செய்யவில்லை. மக்களுக்குப் பழகிவிட்ட உரிமையைத் திருப்பி வாங்குவது எந்த அரசுக்கும் எளிதல்ல. 1966-ல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. 1972-க்குள் எல்லா மாகாணங்களும் சேர்ந்துவிட்டன.

டக்ளஸைத் தெய்வமாக்க நான் இதை எழுதவில்லை. 1933-ல் அவர் எழுதிய எம்.ஏ. ஆய்வேட்டில், ஊனமுள்ளவர்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யலாம் என்ற அக்காலத்துத் தவறான கொள்கையை ஆதரித்திருந்தார். பின்னர் அதைக் கைவிட்டார், அமைச்சரானபோது அப்படிப்பட்ட யோசனைகளை ஏற்கவில்லை. இதையும் சேர்த்துச் சொன்னால்தான் வரலாறு. திட்டமும் குறையற்றதல்ல. நிபுணரைப் பார்க்கக் காத்திருக்க வேண்டியிருக்கிறது என்று நீங்களே சொல்வீர்கள். கிராமத்துக்கு டாக்டர் கிடைக்காத குறை சஸ்காச்சுவானில் இன்றும் தீரவில்லை. அட்டை கட்டணத்தைத்தான் நீக்கும், டாக்டரைக் கொண்டுவந்து உட்கார வைக்காது.

இத்தனையிலும் நான் எடுத்துக்கொள்வது ஒன்றுதான். ஒரு சட்டமன்ற உறுப்பினர் தன் சொந்தப் பணத்தில் ஒரு நோயாளிக்கு உதவினால் அது நல்ல காரியம், படம் எடுத்துப் போடலாம். ஸ்மித் டாக்டர் செய்ததும் அதுதான். ஆனால் சட்டமன்றம் இருப்பது அதற்கல்ல. யாரையும் கெஞ்சாமல், யாருக்கும் கைகூப்பாமல், அடுத்த பையனுக்கும் கால் பிழைக்க வேண்டும். அதற்கு வரவு செலவு பார்த்து, எதிர்ப்பைத் தாங்கி, தேவைப்பட்டால் பதவியையும் இழந்து வேலை செய்ய வேண்டும். டக்ளஸும் லாயிட்டும் 18 வருடம் செய்தது அந்த வேலை.

இனி யாராவது வேட்பாளர் வீடு தேடி வந்து, "ஏழைகளுக்கு உதவி செய்கிறேன்" என்றால், "எந்தச் சட்டம், எந்தப் பணம், எத்தனை வருடத்தில்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். வரலாற்றுப் பாடம் நடத்திய எனக்கு அது போதும்.

அனைவரும் நலமாக இருங்கள்.