தொடையில் திறந்த வாசல்

இதயத்திலிருந்து புறப்பட்டு, முதுகெலும்பை ஒட்டி வயிற்றுக்குள் இறங்கும் பெருந்தமனியே நம் உடலின் தலையாய குருதிக் குழாய். முதுமையும் புகைப்பழக்கமும் அதன் சுவரை நலிவித்தால், ஓரிடத்தில் அது பலூன் போல் வீங்கும். பெரும்பாலும் வலி இராது. வீக்கம் பெருத்து ஒருநாள் வெடித்துவிட்டால் பிழைப்பவர் சிலரே.

தமனி வீக்கத்தை மருத்துவ உலகம் நெடுங்காலம் அஞ்சியே நோக்கியது. குர்துபாவை அடுத்த மதீனத்துஸ் ஸஹ்ராவைச் சேர்ந்தவரும், 1013ஆம் ஆண்டளவில் மறைந்தவருமான அறுவை மேதை அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி, தமது 'அத்தஸ்ரீஃப்' நூலில் அதற்கெனத் தனி இயல் வகுத்தார். அக்குள், கழுத்து, தொடையிடுக்கு ஆகிய இடங்களில் எழும் பெரிய வீக்கங்களில் கத்தி வைக்கலாகாது என எச்சரித்தார். பீறிடும் குருதியை அடக்கும் வழி அரிதாயிருந்த அக்காலத்தில் அது அறிவுடையார் அச்சமே.

1951இல் பாரிசில் சார்ல் துபோ வயிற்றைத் திறந்து, வீங்கிய பகுதியை அகற்றி, இறந்தவர் உடலினின்று பெற்ற தமனியைப் பொருத்தினார். எனினும் முதியோர் பலரால் அப்பேரறுவையைத் தாங்க இயலவில்லை. 1953இல் ஸ்வீடன் நாட்டுச் செல்டிங்கர், ஊசி வழியே மெல்லிய கம்பியைத் தமனிக்குள் செலுத்தி, அதன்மேல் குழாயை ஏற்றும் முறையை வெளியிட்டார். பின்னர் 1987இல் கார்கிவ் நகரின் வொலோடோஸ் மார்புப் பெருந்தமனியிலும், 1990இல் புவெனஸ் ஐரிஸ் நகரின் பரோடி வயிற்றுப் பெருந்தமனியிலும் உட்புறமாகவே புதுக்குழாய் பொருத்தினர். அதற்கு வாசலாக அமைந்தது தொடையிடுக்குத் தமனி. அன்று கத்திக்கு விலக்கப்பட்ட இடமே உயிர் காக்கும் வழியாயிற்று.

ஆயின் எல்லோர்க்கும் அவ்வாசல் எளிதில் திறப்பதில்லை. புதுக்குழாயைச் சுருக்கி வைத்துக் கொண்டுசெல்லும் உறை பொதுவாக 5 முதல் 8 மில்லிமீட்டர் தடிப்புடையது. இடுப்புத் தமனி குறுகியோ, சுண்ணம் படிந்தோ, வளைந்து நெளிந்தோ இருந்தால் உறை செல்லாது; வலிந்து தள்ளினால் தமனி கிழியும். பெண்களுக்குத் தமனி சிறிதாதலால் இவ்விடர் மிகுதி. எனவே மருத்துவர்கள் மாற்று வழிகள் கண்டனர். விறைப்பான கம்பியால் வளைவை நிமிர்த்துவர். பலூனால் குறுகலை விரிப்பர். அதுவும் இயலாதபோது அடிவயிற்றின் பக்கவாட்டில் திறந்து, இடுப்புத் தமனியில் 10 மில்லிமீட்டர் அளவுள்ள செயற்கைக் குழாயைத் தைத்து, அதன் வழியே உறையைச் செலுத்துவர்.

எவ்வழி ஏற்றது என்பதை ஸ்கேன் எடுத்து, அளந்து, முன்னரே தீர்மானிக்க வேண்டும். வெடித்தபின் அதற்கு அவகாசம் குறைவு. செஞ்சி சாலையிலுள்ள கீழ்பென்னாத்தூர் போன்ற ஊர்களிலிருந்து வேலூருக்கோ சென்னைக்கோ செல்ல வேண்டியவர்க்கு அந்த அவகாசமும் வழியிலேயே கரைந்துவிடும். ஆதலால், பீடியோ சிகரெட்டோ புகைத்துப் பழகி 65 வயதை எட்டிய ஆண்கள் நம் வீடுகளில் இருப்பின், வயிற்றை ஒருமுறை அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் செய்து பார்க்கலாமா என மருத்துவரிடம் கேட்போமாக. வலியற்ற, சில நிமிடப் பரிசோதனை அது. வீக்கம் உரிய காலத்தில் தெரிந்தால், வாசல் குறுகலாயினும் வழி காண நேரமிருக்கும்.