சென்ட்ரல் பார்க்: வசந்தகாலப் பறவை வலசை

நியூயார்க் நகரத்து மன்ஹாட்டன் தீவின் நடுவே 843 ஏக்கர் பரப்பில் அமைந்த சென்ட்ரல் பார்க், தென்னமெரிக்கா, மத்திய அமெரிக்கா, கரீபியன் தீவுகள் முதலிய உஷ்ணப் பிரதேசங்களில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு இனப்பெருக்கத்தின் பொருட்டு வடதிசைக் காடுகளுக்குத் திரும்பும் பறவைகளை ஏப்ரல், மே மாதங்களில் காண்பதற்குப் பிரசித்தி பெற்ற ஸ்தலமாகும்.

இப்பூங்காவில் இயற்கை தானாக வைத்துவிட்டுப் போனது பாறைகளைத் தவிர அதிகமில்லை. ஃபிரெடெரிக் லா ஓம்ஸ்டெட், கால்வெர்ட் வாக்ஸ் ஆகிய இருவரும் 1858-ல் போட்டியில் வென்ற திட்டத்தின்படி, சதுப்பு நிலத்தைத் திருத்தி, ஏரி வெட்டி, மரம் வைத்து உண்டாக்கியது அது. பறவை காண்போர் பெரிதும் நாடும் 'ராம்பிள்' என்னும் அடர்ந்த சோலையினூடே வளைந்தோடும் சிற்றோடைக்கும் நகரத்துக் குழாயிலிருந்தே நீர் வருகிறது. பறவைகள் இதைப் பொருட்படுத்துவதாகத் தெரியவில்லை.

சிறு பறவைகளிற் பெரும்பாலன இரவிலேயே யாத்திரை செய்வன. தெற்கிலிருந்து இதமான காற்று வீசும் இரவில் புறப்பட்டவை, விடியும் நேரத்தில் இளைப்பாறவும் இரை தேடவும் இடம் நாடுகையில், நாற்புறமும் கல்லும் காரையுமாகப் பரந்து கிடக்க இடையில் ஒரே திட்டாகத் தோன்றும் பசுமையில் வந்து இறங்குகின்றன. நாட்டுப்புறமாயிருந்தால் பல காடுகளிற் சிதறிப்போயிருக்கும் கூட்டம் இங்கே ஒரு சோலைக்குள் நெருங்கி நிற்பதற்கு, அச்சோலையின் சிறப்பைக் காட்டிலும் அதைச் சூழ்ந்த நகரத்தின் வறட்சியே காரணம் எனல் வேண்டும்.

வருவனவற்றுள் ரசிகர்கள் பெரிதும் விரும்புவது வார்ப்ளர் எனப்படும் சிறு குருவியினத்தை. ஓக் மரங்கள் பூத்துத் தளிர்க்கும்போது தோன்றும் புழுக்களைத் தின்றுகொண்டு உச்சிக் கிளைகளிலேயே அவை திரிவதால், அலுவலகத்துக்குப் போகுமுன் பைனாகுலருடன் வந்து அண்ணாந்து நிற்போருக்குக் கழுத்து நோவு தவறாத பரிசாகக் கிடைக்கிறது. பருவத்தின் பிற்பகுதியில் வருவது பிளாக்போல் வார்ப்ளர்; சுமார் 12 கிராம் எடையுள்ள இப்பறவை, இலையுதிர்காலத்தில் தெற்கே மீளும்போது அட்லாண்டிக் கடலின்மேல் இரண்டு மூன்று நாட்கள் இடைவிடாது பறக்க வல்லது. ஒருகாலத்தில் அழிவின் விளிம்பில் நின்ற கர்ட்லண்ட் வார்ப்ளர் ஒன்று 2018 மே மாதத்தில் இங்கே தங்கியபோது பெருங்கூட்டம் திரண்டது.

இந்நகரத்தார் பறவைகளை எப்போதும் இவ்விதம் பார்த்தவர்களல்லர். 1886-ல் ஃபிராங்க் சாப்மன் என்பார் மன்ஹாட்டன் கடைவீதிகளில் நடந்து, பெண்களின் தொப்பிகளில் அலங்காரமாகச் செருகப்பட்டிருந்த 40 வகைப் பறவைகளை இனங்கண்டு எழுதினார். 1918-ல் இயற்றப்பட்ட கூட்டரசுச் சட்டம் வலசைப் பறவைகளைக் கொல்வதையும் விற்பதையும் தடுத்தது.

இன்று அவற்றைக் கொல்வது கண்ணாடி. இரவு விளக்குகளால் ஈர்க்கப்பட்டும், சன்னலிற் பிரதிபலிக்கும் மரத்தை மெய்யென்று எண்ணியும் மோதி, ஆண்டுக்கு 90,000 முதல் 230,000 வரை பறவைகள் இந்நகரில் மடிவதாக மதிப்பிடப்பட்டுள்ளது. 2021 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த நகரச் சட்டமொன்று, புதிய கட்டடங்களின் கீழ்ப்பகுதியில் 75 அடி உயரம் வரை பறவைகளின் கண்ணுக்குப் புலப்படும் கண்ணாடி முதலியவற்றையே பெரும்பாலும் பொருத்த வேண்டுமென விதிக்கிறது. முன்பே எழும்பிவிட்ட கட்டடங்களை, அவை பெரிய அளவில் மாற்றிக் கட்டப்பட்டாலன்றி, அச்சட்டம் தீண்டுவதில்லை.