திருட்டுப் பிரதி

'பிரதி' என்று நாம் எழுதப்பட்டதையும் சொல்கிறோம், நகலெடுக்கப்பட்டதையும் சொல்கிறோம். மெல்ட்டி பிளட் என்ற ஜப்பானிய அனிமே சண்டை விளையாட்டின் வரலாற்றில் இவ்விரண்டையும் பிரிப்பது கடினம்.

2002 டிசம்பரில், ரசிகர்கள் தாங்களே தயாரித்ததைத் தாங்களே விற்கும் டோக்கியோவின் காமிகெட் சந்தையில் அது கம்ப்யூட்டர் ஆட்டமாக வெளிவந்தது. பாத்திரங்கள் டைப்-மூன் குழுவின் 'ட்சுகிஹிமே'யிலிருந்து, அக்குழுவின் சம்மதத்தோடு வந்தவை. செய்தவர்கள், பின்னாளில் பிரெஞ்ச்-பிரெட் என்று பெயர் மாற்றிக்கொண்ட குழுவினர். அவர்களது முந்தைய 'குயீன் ஆஃப் ஹார்ட்' வரிசையோ லீஃப் நிறுவனத்தின் பாத்திரங்களை எடுத்து மோதவிட்ட ரசிகர் படைப்பு. எடுத்தாள்வதில்தான் இந்த மரபே தொடங்குகிறது. (ஜப்பானிய நிறுவனங்கள் இதைப் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. காமிகெட் வளர்ந்ததே அப்படித்தான்.)

பிறகு ஆட்டம் ஆர்கேடுக்குப் போனது. 'ஆக்ட்ரஸ் அகெய்ன் கரண்ட் கோட்' என்ற பதிப்பு 2011 இறுதியில் கம்ப்யூட்டருக்குத் திரும்பிய விதம் விசித்திரமானது: 'கார்னிவல் ஃபேன்டசம்' அனிமேயின் ப்ளூ-ரே முதல் பதிப்போடு ஓர் இணைப்பாக. காசு கொடுத்து வாங்க வேண்டியதுதானே என்பீர்கள். ஊர்க் கடையில இல்லாத சரக்க எங்க போயி வாங்குறது? கடல் கடந்த ஆட்டக்காரர்கள் நகலெடுத்தார்கள்.

அதோடு நிற்கவில்லை. சண்டை ஆட்டத்தில் விநாடிக்கு 60 சட்டகங்கள். இணையத் தாமதம் அதைக் கொன்றுவிடும். ரசிகர்களே சிசிகேஸ்டர் என்ற நிரலை எழுதினார்கள். எதிராளி அடுத்து எந்தப் பொத்தானை அழுத்துவார் என்று அது ஊகித்து ஆட்டத்தை நகர்த்தும். ஊகம் பிசகினால் சில சட்டகங்கள் பின்சென்று திருத்திக்கொள்ளும். ரோல்பேக் என்கிறார்கள். 2016இல் ஸ்டீமில் ஆங்கிலப் பதிப்பு விற்பனைக்கு வந்த பிறகும் பலர் பழைய பிரதியை விடவில்லை. 2021இல் வந்த 'டைப் லூமினா'வில் நிறுவனமே ரோல்பேக்கைத் தந்தது.

ஆவணக்காப்பகம் பொருளைத்தான் காக்கும். இங்கே காக்கப்பட்டது ஆட்டம். எதிராளி இல்லாமல் அது வெறும் கோப்பு. சட்டத்துக்கு இந்த வேறுபாடு புரிவதில்லை. 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான விளையாட்டுகளில் 87 சதவீதம் கடையில் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் கணக்கிட்டது. அவற்றை ஆய்வாளர்கள் நூலகங்களிலிருந்து தொலைவழியில் ஆடிப் பார்க்க விலக்கு கேட்டபோது, 2024 அக்டோபரில் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் மறுத்துவிட்டது. நூலகத்துக்கே நேரில் போ என்கிறது சட்டம். ஆளுக்கொரு கண்டத்தில் இருக்கும் இருவர் எந்த நூலகத்துக்குப் போவார்கள்?