பரண்மேல ஒரு ரோபோ இருக்கா? எடைக்குப் போடுறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க!

பொங்கலுக்கு வெள்ளையடிக்க வீட்டை ஒதுக்கும்போது, பரண்மேல் இருக்கும் பழைய சூட்கேஸிலிருந்து என்னென்னவோ வரும். கேசட், கறுத்துப்போன கல்யாண ஆல்பம், ஒரு கை இல்லாத பொம்மை. அந்தப் பொம்மையைத் திருப்பிப் பார்த்தால் லாரி மாதிரி இருக்கும், மடக்கினால் மனுஷன் மாதிரி நிற்கும். "இதையெல்லாம் எதுக்குச் சேத்து வெச்சிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு பழைய இரும்புக் கடைச் சாக்கில் போட்டுவிடாதீர்கள். கொஞ்சம் பொறுங்க.

தூத்துக்குடி மாதிரி துறைமுக ஊர்களில் இப்படி ஒன்று கிடைக்க வாய்ப்பு கூடுதல். கப்பலில் வேலை பார்த்த மாமா, துபாய், சிங்கப்பூர் போய் வந்த சித்தப்பா என்று வீட்டுக்கு ஒருவர் இருப்பார். எண்பதுகளில் வெளிநாட்டுப் பொம்மை நம் ஊருக்குள் வந்த முக்கியமான வழி அவர்களின் பெட்டிதான். அந்தப் பெட்டியில் வந்தது எந்த நாட்டுக்காகத் தயாரானது, எந்த வருஷத்தது, அசலா நகலா என்பதைப் பொறுத்து அதன் மதிப்பு தலைகீழாக மாறும். விற்கிறவர் ஏமாறுவது, வாங்குகிறவர் ஏமாறுவது, இரண்டுமே இங்கே தினமும் நடக்கிற விஷயம்.

முதல்ல இது எங்கிருந்து வந்துச்சு?

டிரான்ஸ்ஃபார்மர் என்றதும் இ.பி. ஆபீஸ் ஞாபகம் வருகிறவர்களுக்கு ஒரு சின்ன முன்கதை. ஜப்பானின் டகாரா நிறுவனம் 1980-ல் 'டயக்ளோன்' என்ற பொம்மை வரிசையைத் தொடங்கியது. பிறகு 'மைக்ரோ சேஞ்ச்' என்று இன்னொன்று. டயக்ளோனில் கார், லாரி எல்லாம் ரோபோவாக மாறும். மைக்ரோ சேஞ்சில் கைத்துப்பாக்கி, கேசட் பிளேயர் மாதிரி வீட்டுச் சாமான்கள் மாறும். அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ இந்த இரண்டையும் உரிமம் வாங்கி ஒன்றாகச் சேர்த்து, மார்வெல் காமிக்ஸ்காரர்களிடம் கதையும் பெயரும் எழுதி வாங்கி, 1984-ல் 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' என்று கடைக்கு அனுப்பியது. ஆப்டிமஸ் பிரைம் அதற்கு முன்பு ஜப்பானில் 'பேட்டில் கான்வாய்' என்ற சாதாரண லாரி ரோபோ. மெகாட்ரான் ஒரு பொம்மைத் துப்பாக்கி. அவ்வளவுதான்.

டயக்ளோன் ரோபோக்களுக்கு உயிர் கிடையாது. அவற்றை ஓட்டுவது காலில் காந்தம் வைத்த குட்டி மனிதர்கள். ஹாஸ்ப்ரோ கதையில் ரோபோவே உயிருள்ளது ஆகிவிட்டதால் ஓட்டுநர் காணாமல் போனார். ஆனால் அச்சு பழையதுதானே? அதனால் 1984, 85 வாக்கில் வந்த பல கார்களின் கதவைத் திறந்தால், யாருமே உட்காராத ஓர் இருக்கை இன்றைக்கும் இருக்கும். எனக்கு இந்த வரிசையிலேயே ரொம்பப் பிடித்த விஷயம் அந்தக் காலி சீட்தான்.

கையில் இருப்பது டிரான்ஸ்ஃபார்மர்ஸ் இல்லை, வேறு ஏதோ என்றால் அது 'கோபாட்ஸ்' ஆக இருக்கலாம். ஜப்பானின் பண்டாய் தயாரித்த 'மெஷின் ரோபோ' பொம்மைகளை அமெரிக்காவில் டோங்கா நிறுவனம் அந்தப் பெயரில் விற்றது. உருவத்தில் சின்னது, விலையும் பொதுவாகக் குறைவு.

ஒரே பொம்மை, நாட்டுக்கு ஒரு நிறம்

சேகரிப்பவர்களைத் தூங்கவிடாமல் செய்வது இந்தப் பகுதிதான். அந்தக் காலத்தில் ஒரே அச்சு பல நாடுகளுக்குப் பயணம் போனது. இத்தாலியில் 'கிக்' நிறுவனமும், பிரான்ஸில் 'ஜூஸ்த்ரா'வும் டயக்ளோன் பொம்மைகளைத் தங்கள் பெட்டியில் போட்டு விற்றன. ஐரோப்பாவின் பல நாடுகளில் மில்டன் பிராட்லி பெயரில் வந்தது. இவற்றில் பெரும்பாலும் பெட்டியும் மொழியும்தான் வேறு, பொம்மை ஏறக்குறைய அதேதான்.

லத்தீன் அமெரிக்கா பக்கம் போனால் கதை மாறுகிறது. பிரேசிலில் எஸ்ட்ரெலா, அர்ஜென்டினாவில் ஆன்டெக்ஸ், பெருவில் லின்சா, மெக்ஸிகோவில் ஐ.ஜி.ஏ. என்று உள்ளூர் கம்பெனிகள் சின்ன சைஸ் ரோபோக்களைத் தாங்களே வார்த்தன. கையில் என்ன நிற பிளாஸ்டிக் இருந்ததோ அதை ஊற்றியது போல, வேறெங்கும் பார்க்காத நிறங்களில் வந்தன. எஸ்ட்ரெலா ஒரு படி மேலே போய் அணிகளின் பெயரையே மாற்றியது. நல்லவர்கள் 'ஆப்டிமஸ்', கெட்டவர்கள் 'மலிக்னஸ்'! அன்றைக்கு அந்த நாட்டுக் குழந்தைக்குக் கிடைத்த 'கலர் மாறின' பொம்மைதான் இன்றைக்கு சேகரிப்பாளர்கள் போட்டி போட்டுத் தேடுவது.

ஏன் அங்கே மட்டும் இப்படி? வெளிநாட்டுச் சரக்குக்குக் கடுமையான வரி, கட்டுப்பாடு. உள்ளூரில் செய்தால்தான் விற்க முடியும். இது எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா? நம் ஊர்க் கதையேதான். 1906-ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய ஊர்க்காரர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

1991-க்கு முந்தைய இந்தியாவிலும் பொம்மையை அப்படியே இறக்குமதி செய்து விற்பது லேசான காரியம் இல்லை. அதனால் 1987-ல் எம்.ஆர்.எஃப்.பும் ஹாஸ்ப்ரோவும் சேர்ந்து ஃபன்ஸ்கூல் நிறுவனத்தை ஆரம்பித்தன. தலைமையகம் நம்ம சென்னை. அங்கிருந்து வந்த 'ஜி.ஐ. ஜோ' வீரர் பொம்மைகள் அமெரிக்க மூலத்தைவிட வேறு நிறங்களில், வேறு பாகங்களின் கலவையில் இருக்கும். தூர்தர்ஷனில் ஓடிய 'ஸ்ட்ரீட் ஹாக்' பைக் வீரன்கூட இங்கே ஜி.ஐ. ஜோ வரிசையில் வந்தான். அமெரிக்க சேகரிப்பாளர்கள் பின்னாளில் இவற்றைத் தேடித்தேடி வாங்கினார்கள். அதேபோல மேட்டலின் ஹாட் வீல்ஸ் கார்களும் ஹீ-மேன் பொம்மைகளும் இங்கே 'லியோ' பெயரில் வந்தன. அவற்றுக்கும் வெளிநாட்டில் தனி ரசிகர் கூட்டம் உண்டு. ஆகவே, பரணில் ரோபோ இல்லை, ஆனால் 'ஃபன்ஸ்கூல்' என்றோ 'லியோ' என்றோ எழுதிய அட்டையோடு ஒரு பொம்மை இருக்கிறது என்றால், அதையும் தனியாக எடுத்து வையுங்கள். அட்டையைக் கிழிக்காதீர்கள். பல நேரம் பொம்மையைவிட அட்டைக்குத்தான் மதிப்பு.

ரீ-இஷ்யூ என்றால் போலி இல்லை

முத்து தெரிந்த ஊரில் இதை விளக்குவது ரொம்ப ஈஸி. மன்னார் வளைகுடாவில் மூழ்கி எடுத்த இயற்கை முத்து ஒன்று. அந்த முத்துக்குளிப்பு பெரிய அளவில் கடைசியாக நடந்தது 1961-ல். சிப்பிக்குள் கரு வைத்து வளர்க்கும் முத்து இன்னொன்று. இந்தியாவில் அதை 1973-ல் செய்து காட்டியது தூத்துக்குடியில் இருந்த மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள். மூன்றாவது, கடற்கரையில் கோத்து விற்கும் பிளாஸ்டிக் மணி. வளர்ப்பு முத்தும் நிஜ முத்துதான், சிப்பி போட்டதுதான். அதை இயற்கை முத்து என்று சொல்லி விற்றால்தான் தப்பு.

பொம்மையிலும் அப்படியே. எண்பதுகளில் வந்தது முதல் வகை. அதே கம்பெனி பிற்பாடு திரும்ப வெளியிட்டது ரீ-இஷ்யூ. யாரோ அச்சைக் காப்பியடித்து வார்த்தது 'நாக்-ஆஃப்', சேகரிப்பாளர் பாஷையில் 'கே.ஓ.'

முக்கியமான ரீ-இஷ்யூ வரிசைகள் சில. 2002-ல் அமெரிக்காவின் டாய்ஸ் ஆர் அஸ் கடைகளில் வந்த 'கமெமரேட்டிவ்' வரிசை. அதே காலத்தில் ஜப்பானில் டகாரா புத்தகம் போலத் திறக்கும் பெட்டியில் போட்ட வரிசை. டகாராவும் டோமியும் 2006-ல் இணைந்த பிறகு, 2007-ல் தொடங்கிய 'என்கோர்'. 2018-ல் அமெரிக்க வால்மார்ட் கடைகளுக்காக ஹாஸ்ப்ரோ போட்டது. 2024-ல் வரத் தொடங்கிய 'மிஸ்ஸிங் லிங்க்' கொஞ்சம் வேறு. பழைய உருவம்தான், ஆனால் கை கால் நன்றாக மடங்கும்படி புதிதாகச் செய்தது.

ரீ-இஷ்யூவில் நாட்டுக்கு நாடு வித்தியாசம் உண்டு. ஆப்டிமஸ் பிரைம் லாரியின் புகைக்குழாய்களைப் பாருங்கள். 2002 அமெரிக்கப் பதிப்பில், குழந்தைப் பாதுகாப்பு விதிக்காக அவற்றைக் கட்டையாக வெட்டிவிட்டார்கள். ஜப்பான் பதிப்பில் நீளமாகவே இருக்கும். மெகாட்ரான் அந்த அமெரிக்க வரிசையில் வரவே இல்லை. நிஜத் துப்பாக்கி போலவே இருப்பதுதான் அவனுக்குப் பிரச்னை. நீலக் காரான 'டிராக்ஸ்' டயக்ளோனில் சிவப்பு. அந்தச் சிவப்பைப் பிற்பாடு 'ரோட் ரேஜ்' என்ற புதுப் பெயரில் ஜப்பானில் விற்றார்கள். சிவப்பைப் பார்த்ததும் "டயக்ளோன் அசல்" என்று குதித்துவிட வேண்டாம்.

கையில வெச்சு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பொம்மையைத் திருப்பி, காலிலோ முதுகிலோ இருக்கும் பொறிப்பைப் படியுங்கள். கம்பெனிப் பெயர், நாடு, வருஷம் இருக்கும். அந்த வருஷம் அச்சின் காப்புரிமை வருஷம், பொம்மை தயாரான வருஷம் இல்லை. '1983' என்று பொறித்த பொம்மை 2002-லும் வார்க்கப்பட்டிருக்கலாம். விளம்பரங்களில் அதிகம் பேர் வழுக்கி விழுகிற இடம் இது.

நாட்டின் பெயர் இன்னும் உதவும். ஆரம்ப காலத்தவை ஜப்பான், கொஞ்சம் பிந்தியவை மக்காவ் என்றிருக்கும். விரலால் தேய்த்தால் சூட்டில் அணியின் முத்திரை தெரியும் ஸ்டிக்கர் 1985-லிருந்து வந்தது. போலிகளைத் தடுக்கத்தான் அதையே கொண்டுவந்தார்கள். 1984-ன் முதல் லாட்டில் அது இருக்காது. எனவே அது இல்லை என்பதற்காகப் போலி என்று தள்ளிவிடவும் முடியாது.

கே.ஓ.வில் பொறிப்பு மழுங்கியிருக்கும், சில சமயம் சுரண்டியே எடுத்திருப்பார்கள். மூட்டுகள் லொடலொட என்று ஆடும், குரோம் பூச்சு மங்கலாக இருக்கும். போட்டோவை மட்டும் பார்த்து முடிவு பண்ணாதீர்கள். பொறிப்பை நெருக்கமாக எடுத்த படம் கேளுங்கள். "அதெல்லாம் எடுக்க டைம் இல்ல பிரதர்" என்று பதில் வந்தால் அங்கேயே கும்பிடு போட்டுவிடலாம்.

அடுத்து, முழுமை. ஆப்டிமஸ் பிரைம் என்றால் முஷ்டிகள், துப்பாக்கி, ரோலர் என்ற குட்டி வண்டி, பெட்ரோல் பம்ப் எல்லாம் சேர்ந்துதான் ஒரு செட். உங்கள் பரணில் கிடைத்ததற்கு முஷ்டி இல்லையென்றால், அந்த சூட்கேஸின் மூலையை இன்னொரு தடவை தடவிப் பாருங்கள். விரல் நுனி சைஸ்தான் இருக்கும்.

உப்புக் காத்துக்கு என்ன பண்றது?

உப்பளம் சூழ்ந்த ஊரில் பொம்மை வைத்திருப்பவருக்கு முதல் எதிரி காற்றுதான். உப்புத்தூள் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். உள்ளே இருக்கும் எஃகுத் திருகும் ஸ்பிரிங்கும் துருப்பிடிக்கும், அந்தத் துரு பிளாஸ்டிக்கில் கறையாக இறங்கும். குரோம் பூச்சு கொப்பளித்து உரியும். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். பொட்டலத்தை அவ்வப்போது மாற்றுங்கள். மொட்டை மாடி ரூமும் ஓட்டுக்கு அடியில் இருக்கும் பரணும் வேண்டாம், சூட்டில் ஸ்டிக்கர் சுருண்டுவிடும்.

ரப்பர் டயர் நீண்ட நாள் பிளாஸ்டிக்கைத் தொட்டபடி இருந்தால் அதை இளக்கிப் பள்ளமாக்கும். நடுவில் துண்டுத் தாள் வைத்தால் போதும். வெயிலில் மஞ்சளான வெள்ளை பிளாஸ்டிக்கை ஹைட்ரஜன் பெராக்சைடில் வெளுக்கிறார்கள். ஆனால் ஸ்டிக்கரும் குரோமும் உள்ள பாகத்தில் அதைச் செய்தால் இருப்பதும் போய்விடும். எண்பதுகளின் கடைசி, தொண்ணூறுகளில் வந்த தங்கத்தூள் கலந்த பிளாஸ்டிக் சில, தொட்டாலே பிஸ்கட் மாதிரி நொறுங்கும். அதற்கு வைத்தியம் இல்லை. அப்படி ஒன்றை வாங்கினால் உருமாற்றாமல் நிற்கவைத்துப் பார்க்க மட்டும்தான்.

வெளிநாட்டிலிருந்து வாங்கப் போறீங்களா?

பொம்மைக்கான அடிப்படைச் சுங்க வரி 2020-ல் 20 சதவிகிதத்திலிருந்து 60 ஆனது, 2023-ல் 70 ஆனது. 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு பி.ஐ.எஸ். தரச்சான்றும் கட்டாயம். 'ஆஹா, சல்லிசா இருக்கே' என்று ஆர்டர் போட்டுவிட்டு, பார்சல் சுங்கத்தில் நிற்கும்போது கையைப் பிசைய வேண்டாம். பொம்மை விலை, கப்பல் கட்டணம், வரி மூன்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு, அதே பொம்மை இந்தியாவுக்குள்ளேயே யாரிடமாவது இருக்கிறதா என்று தேடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வரும் அண்ணன், அக்காவிடம் சொல்லிவிடுவதுதான் பலரும் செய்வது. நம் ஊருக்குப் பழகின வழியும் அதுதான். ஒன்றே ஒன்று: கேட்டது மெகாட்ரான் என்றால், அதைக் கைப்பையில் வைக்கக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். துப்பாக்கி உருவப் பொம்மையோடு விமானப் பாதுகாப்புச் சோதனையில் நிற்பது வேடிக்கையான விஷயம் இல்லை. ரோபோவாக நிமிர்த்தி, பெரிய பெட்டியில் துணிக்கு நடுவே சுருட்டி, விமான கம்பெனியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடச் சொல்லுங்கள்.