பெனின் பித்தளையை வார்த்தது யார்?

இந்த எபிசோடை ஒரு தப்பை ஒத்துக்கிட்டு ஆரம்பிக்கிறேன். போர்ச்சுகீசியக் கப்பல்கள் பத்தின எபிசோட்ல, "பெனின்காரங்க பித்தளை வார்க்கக் கத்துக்கிட்டதே போர்ச்சுகீசியர்கிட்டதான்"னு போற போக்குல சொல்லிட்டேன். எங்கேயோ படிச்சது, செக் பண்ணல. கேட்ட ஒருத்தர் ஒரே ஒரு கேள்வி அனுப்பினார்: "அப்போ இஃபே தலைகளை யார் செஞ்சது?" தேடிப் போனப்பதான் தெரிஞ்சது, நான் சொன்ன அந்த வரிக்கு நூறு வயசுக்கு மேல ஆகுது.

முதல்ல இடத்தைத் தெளிவு பண்ணிடுவோம். இந்த பெனின், இன்னைக்கு மேப்ல பெனின்னு இருக்கிற நாடு இல்ல. இன்றைய நைஜீரியாவின் தெற்கே இருந்த எடோ மக்களின் ராஜ்ஜியம். அரசருக்கு ஓபான்னு பேர்.

1897 ஜனவரி. திருவிழாக் காலம், இப்ப வர வேண்டாம்னு ஓபா தரப்புல சொல்லியும் கிளம்பிப் போன ஒரு பிரிட்டிஷ் குழு வழியில் தாக்கப்பட்டது. பெரும்பாலானவங்க கொல்லப்பட்டாங்க. அடுத்த மாசமே பதிலடிக்குப் படை வந்தது. அரண்மனை எரிந்தது, ஓபா ஓவொன்ராம்வென் கலபாருக்கு நாடு கடத்தப்பட்டார். ஆயிரக்கணக்கான பித்தளை, தந்தப் பொருட்கள் கப்பலேறிச்சு.

அதே வருஷம் லண்டன்ல அதையெல்லாம் கண்காட்சியா வச்சாங்க. இப்போ ஒரு சிக்கல். காட்டுமிராண்டிகள்னு சொல்லித்தானே ஊரை எரிச்சாங்க? அவங்க இவ்வளவு நுணுக்கமா எப்படிச் செஞ்சிருப்பாங்க? பிரிட்டிஷ் மியூசியத்தின் ரீடும் டால்டனும் போர்ச்சுகீசியரா, எகிப்தான்னு வேற எங்கேயோ தேடினாங்க. 1910-ல இஃபேவுக்குப் போன ஜெர்மானியர் ஃப்ரோபீனியஸ் அதையும் தாண்டி, இது தொலைஞ்சுபோன அட்லாண்டிஸ் நாகரிகத்தோட கலைன்னார்! ஆனா எல்லாருமே அப்படி இல்ல. பெர்லின்ல இருந்த ஃபான் லூஷான், இது ஆப்பிரிக்கர்களின் வேலை, ஐரோப்பாவின் தலைசிறந்த வார்ப்புக்குச் சமம்னு சொன்னார்.

சரி, தேதிகளைப் பார்ப்போம். போர்ச்சுகீசியர் பெனினுக்கு வந்தது 1480-கள்ல. இஃபேயின் உலோகத் தலைகள் அதுக்கு முந்தினவை. 1938-ல அங்க ஒரு வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போது பல தலைகள் ஒண்ணா கிடைச்சுது. சிலது கிட்டத்தட்ட சுத்தச் செம்பு, பித்தளையைவிட வார்க்கக் கஷ்டமானது. இதே நைஜீரியாவுல இக்போ-உக்வுங்கிற ஊர்ல 1959-ல தொடங்கின அகழாய்வுல கிடைச்ச வெண்கலப் பாத்திரங்கள் சுமார் 9-ஆம் நூற்றாண்டு. அதாவது போர்ச்சுகீசியருக்கு அறுநூறு வருஷம் முன்னாடி.

செய்முறை? சுவாமிமலையில பார்த்திருப்பீங்களே, அதே மெழுகு வார்ப்புதான். ஆனா பெனின் தலைகளுக்கு உள்ளே களிமண் கரு வைப்பாங்க. மேல மெழுகுல முகத்தைச் செதுக்கி, திரும்பவும் களிமண் பூசிச் சுடுவாங்க. மெழுகு உருகி ஓடின இடத்துல உலோகத்தை ஊத்தணும். பழைய தலைகள் சிலதுல சுவரோட கனம் சில மில்லிமீட்டர்தான். ஒரு இடத்துல உலோகம் போய்ச் சேரலைன்னா, மெழுகுல இருந்து மறுபடி ஆரம்பிக்கணும்.

போர்ச்சுகீசியருக்குப் பங்கே இல்லையான்னா, இருக்கு. அவங்க கொண்டு வந்தது சரக்கு. மனில்லாங்கிற பித்தளை வளையங்களைக் கொடுத்து மிளகு, தந்தம் வாங்கினாங்க. அடிமைகளையும் வாங்கினாங்க, பெனின் அரசு விற்றது. இதை மறைச்சுட்டுப் பெருமை பேசினா அதுவும் இன்னொரு கட்டுக்கதைதான். அந்த வளையங்களை உருக்கித்தான் பெனின்ல தகடுகள் வார்த்தாங்க. நீள முடி, தாடியோட போர்ச்சுகீசியரையே அதுல செதுக்கியிருக்காங்க. குருன்னு நாம நினைச்ச ஆள், அந்தக் கலைஞருக்கு ஒரு மாடல்.

இதுல எனக்கு உறுத்துறது ஒண்ணு. இந்தத் தகடுகள்தான் அரண்மனையோட பதிவேடு. எது எந்த இடத்துல இருந்ததுன்னு சரியா குறிக்காமலே அள்ளி, ஏலம் விட்டு, பல நாடுகளுக்குச் சிதறடிச்சுட்டாங்க. அப்புறம், "இவங்களுக்கு வரலாறே இல்ல"ன்னாங்க.

2022-ல ஜெர்மனி தன்கிட்ட இருந்த பெனின் பொருட்களின் உரிமையை நைஜீரியாவுக்கு மாத்தி, அந்த டிசம்பர்லயே முதல் தொகுதியைத் திருப்பிக் கொடுத்தது. பிரிட்டிஷ் மியூசியத்துல இன்னும் தொள்ளாயிரத்துக்கு மேல இருக்கு. பெனின் நகரத்தின் இகுன் தெருவுல இன்னைக்கும் பரம்பரை வார்ப்புக்காரங்க உலை மூட்டுறாங்க. யார் செஞ்சதுங்கிற கேள்வியை அவங்ககிட்டயே கேட்டிருக்கலாம்.

பழைய எபிசோட்ல அந்த வரியை நான் வெட்டல. அங்கேயே திருத்தம் சேர்த்திருக்கேன். கேள்வி அனுப்பினவருக்கு நன்றி. அடுத்த வாரம் பேசுவோம்.